கைக்கு வராத பூனைக்கு வயதாகும்போது

தட்டு சத்தம் கேட்டால் வரும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் காதை மட்டும் திருப்பும். மொட்டை மாடிப் படியில் பாதி நாளைத் தூங்கியே கழிக்கும். ஆனால் கையை நீட்டினால் இரண்டடி தள்ளிப் போய் உட்கார்ந்து முறைக்கும். இப்படி ஒரு பூனை உங்கள் வீட்டைச் சுற்றி ஏழெட்டு வருடமாக இருக்கிறதென்றால் அது உங்கள் பூனைதான். அதற்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை, அவ்வளவே.

மடியில் படுக்கும் பூனைக்குச் சொல்லப்படும் ஆலோசனைகள் "வாயைத் திறந்து பாருங்கள், வயிற்றைத் தடவிப் பாருங்கள்" என்றுதான் ஆரம்பிக்கும். இங்கே அதெல்லாம் நடக்காது. உங்கள் கையில் இருப்பது மூன்றுதான்: கண், சாப்பாட்டுத் தட்டு, எப்போதாவது ஒருமுறை டாக்டரிடம் கொண்டுபோகக் கிடைக்கும் வாய்ப்பு. பூனை நன்றாக இருக்கும்போதே இந்த மூன்றையும் தயார் செய்து வைத்துக்கொள்ள வேண்டும். நோய் வந்த பிறகு கூண்டைத் தேடி ஓடினால் பெரும்பாலும் பூனைதான் ஜெயிக்கும்.

வயதைக் கணிப்பது

பத்து வயதைத் தாண்டிய பூனையை டாக்டர்கள் முதிய பூனையாகக் கணக்கில் எடுப்பார்கள். தெருவில் அடிபட்டு வளர்ந்ததற்கு ஏழெட்டு வயதிலேயே உடம்பு தளர ஆரம்பிக்கலாம். பிறந்த வருடம் தெரியாவிட்டால், எந்த வருடம் முதன்முதலில் பார்த்தீர்கள், அப்போது குட்டியா பெரியதா என்று அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். எதிர் வீட்டுப் பாட்டிக்கு இதெல்லாம் துல்லியமாக நினைவிருக்கும். ஒரு காதின் நுனி நேர்க்கோடாக வெட்டுப்பட்டிருந்தால் யாரோ பிடித்துக் கருத்தடை செய்து விட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்த முகாம் எப்போது நடந்தது என்று தெரிந்தால் அதுவும் ஒரு கணக்கு.

கண்ணும் காட்டிக்கொடுக்கும். வயதான பூனையின் கண் பாவையை (நடுவில் இருக்கும் கறுப்புப் பகுதி) சுற்றியுள்ள நிறப்பகுதியில் பழுப்புத் திட்டுகள் விழும், பாவையின் விளிம்பு சீராக இருக்காது. கடுவனாக இருந்தால் இளமையில் உப்பியிருந்த கன்னங்கள் வற்றியிருக்கும்.

ஒரே நேரம், ஒரே இடம்

மற்ற எல்லாவற்றுக்கும் இதுதான் அடித்தளம். காலையும் மாலையும் ஒரே நேரத்தில், ஒரே மூலையில் சாப்பாடு வையுங்கள். நாள் முழுக்கத் தட்டை நிரப்பி வைத்தால் யார் சாப்பிட்டது, எவ்வளவு சாப்பிட்டது என்று எதுவும் தெரியாது. மீதி காக்காய்க்கும் எலிக்கும்தான் போகும். நேரத்துக்கு வைத்து, இருபது நிமிடத்தில் எடுத்துவிட்டால் இரண்டு லாபம். பூனை பசியோடு நேரத்துக்கு வரும். ஒருவேளை வராவிட்டால் அன்றைக்கே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

அப்புறம், பூனை எடுத்துச்செல்லும் பிளாஸ்டிக் கூடை ஒன்று வாங்குங்கள். முன்பக்கக் கதவோடு மேல்மூடியும் கழற்ற வருவதாக இருக்கட்டும். முதலில் மூடியைக் கழற்றி, அடிப்பகுதியை மட்டும் தட்டு வைக்கும் மூலையில் போட்டு, அதற்குள் சாப்பாடு வையுங்கள். பூனை அதைப் பொருட்படுத்தாமல் ஏறி இறங்க ஆரம்பித்ததும் மூடியைப் பொருத்துங்கள். கதவு கடைசியில். இதற்குச் சில வாரமோ சில மாதமோ ஆகலாம், அவசரப்படுத்தாதீர்கள். கூடை என்றால் சாப்பாட்டு இடம் என்று பூனையின் மனதில் பதிந்துவிட்டால் பின்னால் வரப்போகும் பாதிப் போராட்டம் மிச்சம்.

தொடாமல் பார்ப்பது

எங்கள் தெருக் கடுவன் ஒன்று மீன் தலையைத் தின்னும் விதத்தைப் பார்த்துத்தான் அதன் பல் கதை தெரிந்தது. தலையை இடது பக்கமாகச் சாய்த்து, ஒரே கடைவாயில் மெல்லும். பாதியில் துண்டைக் கீழே போட்டுவிட்டு, மீனே தன்னைக் கடித்துவிட்டதுபோல் தட்டைப் பார்த்துச் சீறும். பிறகு முன்காலால் வாயோரத்தைத் துடைக்கும். பசி இருந்தது, வாய்தான் ஒத்துழைக்கவில்லை. வயதான தெருப் பூனைகளில் பல்லும் ஈறும் கெடுவது மிகச் சாதாரணம். ஜொள்ளு வடிதல், வாய் நாற்றம், தட்டுக்கு ஆசையாக ஓடிவந்து மோந்துவிட்டுத் திரும்பிப் போதல், நாக்கால் வாரிக்கொள்ளாததால் முதுகு ரோமம் சடைபிடித்தல் எல்லாம் இதன் அடையாளங்கள்.

அடுத்து மூட்டு. மனிதர்களைப்போல் பூனை நொண்டிக் காட்டாது. பழக்கத்தை மாற்றிக்கொள்ளும். முன்பு ஒரே தாவலில் ஏறிய காம்பவுண்ட் சுவரை இப்போது நிமிர்ந்து பார்த்து, பின்பக்கத்தை ஆட்டி, யோசித்து, ஸ்கூட்டர் சீட்டு வழியாக இரண்டு கட்டமாக ஏறும். இறங்கும்போது முன்காலைச் சுவரில் முடிந்தவரை கீழே நீட்டிவிட்டுத்தான் குதிக்கும். இதைப் பார்த்து "வயசாயிடுச்சு" என்று விட்டுவிடாதீர்கள். அது வலி. வலிக்கு மருந்து உண்டு. தரையில் நடக்கும்போது டக் டக்கென்று நகச் சத்தம் கேட்டால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். வயதான பூனை நகத்தைச் சரியாகத் தேய்க்காது. நகம் தடித்து வளைந்து பாதத்துக்குள்ளேயே குத்தி ஏறும்.

எடை குறைவதைத் தினமும் பார்ப்பவர் கண் பிடிக்காது. மாதப் பிறப்பன்று, பூனை சாப்பிடும்போது, நேர் மேலிருந்து போனில் ஒரு படம் எடுங்கள். இடமும் உயரமும் மாறக்கூடாது. மூன்று மாதப் படங்களை வரிசையாக வைத்தால் இடுப்பெலும்பு துருத்துவதும் முதுகுத்தண்டு தெரிவதும் தானாகப் புலப்படும். இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் குழந்தைகளை எடைபோடும் தட்டையான டிஜிட்டல் தராசைக் கூடைக்கு அடியில் வைத்துவிடுங்கள். நம் ஊர்ப் பூனைகள் பெரும்பாலும் 3 முதல் 4.5 கிலோ வரை இருக்கும். 4 கிலோ பூனை 400 கிராம் இழப்பது, 60 கிலோ ஆள் 6 கிலோ இளைப்பதற்குச் சமம். நன்றாகச் சாப்பிட்டும் இளைக்கிறது என்றால் சும்மா இருக்கவே கூடாது. தைராய்டு, சர்க்கரை, சிறுநீரகம், குடல் என்று எதுவாகவும் இருக்கலாம்.

தண்ணீர்தான் சிறுநீரகத்தின் கணக்குப் புத்தகம். முதிய பூனைகளுக்குச் சிறுநீரகம் மெல்ல மெல்லக் கெடுவது மிகப் பரவலான நோய். அதன் முதல் அறிகுறி, அதிகமாகக் குடித்து அதிகமாகச் சிறுநீர் கழிப்பது. அளந்து ஊற்றி, மாலையில் மீதியை அளந்து பாருங்கள். 4 கிலோ பூனை ஒரு நாளில் கிண்ணத்திலிருந்தே 200 மில்லிக்கு மேல் குடிப்பதாகத் தெரிந்தால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். பல பூனைகள் வந்து போகும் இடத்தில் இந்த அளவை நம்ப முடியாது. அங்கே வேறொன்றைக் கவனியுங்கள்: இதுவரை தண்ணீர்ப் பக்கமே போகாத பூனை வாளி விளிம்பிலும் துணி துவைக்கும் கல்லின் அடியிலும் நக்கிக்கொண்டு நிற்கிறதா?

தூங்கும்போது விலா ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். 30-க்குள் இருந்தால் கவலையில்லை. அமைதியாகத் தூங்கும் பூனைக்குத் திரும்பத் திரும்ப அதற்கு மேல் வந்தால் இதயமோ நுரையீரலோ சிரமப்படுகிறது. தொடவே வேண்டாத பரிசோதனைகளில் இதைவிடப் பயனுள்ளது வேறு கிடையாது. ஒரு காசும் செலவில்லை.

வெள்ளைக் காது, வெள்ளை மூக்கு உள்ள பூனைகளுக்கு நம் ஊர் வெயில் ஓர் எதிரி. காது நுனியில் பொருக்குத் தட்டி, உதிர்ந்து, மறுபடி பொருக்குத் தட்டும் ஆறாத புண் இருந்தால் அது தோல் புற்றாக இருக்கலாம். ஆரம்பத்தில் காது மடலை வெட்டியே குணப்படுத்திவிடலாம் என்பதால் சொறி என்று நினைத்துத் தள்ளிப்போடாதீர்கள்.

பார்த்ததை எல்லாம் வீடியோவாக எடுத்து வையுங்கள். டாக்டரின் மேஜையில் பூனை உறைந்துபோய்ப் பந்தாகச் சுருண்டிருக்கும். அது எப்படி நடக்கிறது, எப்படி மெல்லுகிறது என்று அவருக்குக் காட்ட உங்கள் போனை விட்டால் வேறு வழியில்லை.

சாப்பாடும் தண்ணீரும்

தயிர் சாதமும் பால் சோறும் பூனைச் சாப்பாடு என்பது நம் வீடுகளில் வழிவழியாக வந்த நம்பிக்கை. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காமல் வயிற்றுப்போக்கு வரும். சோறு வயிற்றை நிரப்பும், தசையை வளர்க்காது. பூனைக்கு டாரின் என்ற சத்து வெளியிலிருந்து கிடைத்தே ஆக வேண்டும். அது இறைச்சியிலும் மீனிலும்தான் இருக்கிறது. குறைந்தால் இதயம் பலவீனப்படும், கண்பார்வையும் போகும். வேகவைக்கும்போது டாரின் தண்ணீரில் இறங்கிவிடும். அதனால் மீனோ கோழியோ வேகவைத்த தண்ணீரைக் கொட்டாமல் சேர்த்தே ஊற்றுங்கள். வயதான பூனையின் உடம்புக்குள் தண்ணீர் போக அது நல்ல வழியும்கூட.

மீனைப் பச்சையாகப் போடாதீர்கள். மத்தி போன்ற சில மீன்களில் பி1 வைட்டமினைச் சிதைக்கும் பொருள் உண்டு, வெந்தால் அது அழிந்துவிடும். கருவாடு வேண்டாம், உப்பு. குழம்பு மீன் வேண்டாம், வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்த அணுக்களை உடைக்கும். வெந்த கோழி எலும்பு உடைந்தால் ஊசிபோல் குத்தும். ஈரல் நல்லதுதான், வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை சிறு துண்டு போதும். தினமும் கொடுத்தால் வைட்டமின் ஏ சேர்ந்து கழுத்தெலும்பு இறுகிப்போகும். வெறும் கோழிச் சதையில் கால்சியம் போதாது. அதனால் என் பரிந்துரை, ஒரு வேளை வீட்டில் வேகவைத்தது, ஒரு வேளை பாக்கெட்டில் வரும் பூனை உணவு. பல் போனதற்குக் காய்ந்த உணவை வெந்நீரில் ஊறவைத்து மசித்துக் கொடுக்கலாம். லேசாகச் சூடாக இருந்தால் வாசனை தூக்கும், மூக்கு மந்தமான கிழடுகளும் எழுந்து வரும்.

தட்டை ஒரு செங்கல்லின் மேல் வையுங்கள், கழுத்து குனிய வேண்டியதில்லை. தண்ணீரை அகன்ற கிண்ணத்தில், சாப்பாட்டிலிருந்து தள்ளி, இரண்டு மூன்று இடங்களில் வையுங்கள். அக்னி நட்சத்திரத்தில் மண் சட்டி நல்லது. வழக்கமாக ஏறும் சுவருக்குப் பக்கத்தில் ஒரு ஹாலோ பிளாக் கல்லோ பழைய முக்காலியோ போட்டுவிட்டால் மூட்டுக்கு நிம்மதி. ஐப்பசி, கார்த்திகை மழைக்குத் தெர்மோகோல் பெட்டி ஒன்றில் பூனை நுழையும் அளவுக்கு மட்டும் துளை போட்டு, செங்கல் மேல் உயர்த்தி வையுங்கள். உள்ளே சாக்கு போட்டால் நனைந்து ஊறிக் கிடக்கும், வைக்கோல்தான் சரி.

பிடிப்பதும், அந்த ஒரு விசிட்டும்

இந்த மாதிரிப் பூனையை வருடத்துக்கு ஒருமுறை பிடிக்க முடிந்தாலே பெரிய விஷயம். அதனால் பிடிபடும் அந்த ஒரு நாளில் எல்லாவற்றையும் முடித்துவிட வேண்டும். இதற்குப் பூனையைக் கொண்டுபோகும் முன்பு நீங்கள் மட்டும் போய் டாக்டரிடம் பேசிவிட்டு வாருங்கள். "தொட விடாது டாக்டர், மயக்கம் கொடுத்துத்தான் பார்க்கணும்" என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். எல்லா டாக்டர்களும் இப்படிப்பட்ட பூனையைக் கையாள மாட்டார்கள், அதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. சென்னையில் என்றால் வேப்பேரியில் மெட்ராஸ் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலியிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் உண்டு.

அந்த நாளில் செய்யச் சொல்லிக் கேட்க வேண்டியவை: எடை, இரத்தப் பரிசோதனை, அதில் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினும் சர்க்கரையும், கிடைக்குமானால் தைராய்டும். சிறுநீர் மாதிரி. வாய்க்குள் முழுப் பார்வை, தேவையென்றால் அதே மயக்கத்தில் பல் எடுப்பது. நகம் வெட்டுதல். சடை நீக்குதல். காதுக்குள் பார்ப்பது. வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் பூனைகளுக்கான முத்தடுப்பூசியும். குடற்புழு மருந்து, தெள்ளுப்பூச்சி மருந்து. சண்டைக் கடுவனாக இருந்தால் பூனை எய்ட்ஸ் வைரஸ் பரிசோதனை. அது கடி மூலம் பூனைக்குப் பூனை பரவும், மனிதருக்கு வராது. கருத்தடை ஆகாமல் இருந்தால் வயதைப் பார்த்து டாக்டர் முடிவு செய்யட்டும். பட்டியலைத் தாளில் எழுதிக் கையில் கொடுத்துவிடுங்கள், பரபரப்பில் பாதி மறந்துபோகும்.

கிளம்பும் முன் பூனையை அமைதிப்படுத்த கபாபென்டின் என்ற மருந்தை டாக்டர்கள் எழுதித் தருவது உண்டு. இரண்டு மூன்று மணி நேரம் முன்பு கொஞ்சமாக வாசனையான உணவில் கலந்து கொடுப்பார்கள். சிறுநீரகம் கெட்டிருந்தால் அளவு குறையும் என்பதால் அவர் சொல்லாமல் கொடுக்காதீர்கள். மயக்கத்துக்கு எத்தனை மணி நேரம் வெறும் வயிறு வேண்டும் என்பதையும் அவரிடமே கேளுங்கள்.

பிடிக்கும் நாளில் வழக்கமான நேரத்தில், வழக்கமான கூடையில், மத்தி வாசனையோடு தட்டை உள்ளே ஆழமாக வையுங்கள். பூனை முழுதாக உள்ளே போனதும் கதவைச் சாத்திவிட்டு உடனே கனமான துணியால் மூடுங்கள். இருட்டினால் பாதி ஆட்டம் அடங்கிவிடும். கூடைக்கு மசியாத பூனைக்கு, மிதித்தால் கதவு விழும் கூண்டுதான் வழி. தெரு விலங்குகளுக்காக வேலை செய்யும் அமைப்புகளிடம் இரவல் கேட்டுப் பார்க்கலாம். சாக்கில் அமுக்குவது, கழுத்தைப் பிடித்துத் தூக்குவது எல்லாம் வேண்டாம். உங்களுக்கும் கடி, அதற்கும் ஜென்மப் பகை.

திரும்பி வந்ததும் மயக்கம் முழுதாகத் தெளியும்வரை ஓர் அறையிலோ பெரிய கூண்டிலோ வைத்திருந்து, பிறகு பிடித்த இடத்திலேயே விடுங்கள். இரண்டு மூன்று நாள் உங்களைக் கண்டுகொள்ளாது. அதற்கு மேல் கோபத்தைப் பசி தாங்காது.

மருந்து கொடுப்பது

சாப்பாட்டில் கலந்து கொடுக்க முடிந்ததுதான் இந்தப் பூனைக்கு மருந்து. டாக்டரிடம் இதைச் சொல்லிவிட்டால் அதற்கேற்றபடி எழுதுவார். இரண்டு வாரம்வரை வேலை செய்யும் ஆன்டிபயாடிக் ஊசி உண்டு, கிடைக்குமா என்று கேளுங்கள். பிடரியில் சொட்டுவிடும் தெள்ளுப்பூச்சி மருந்தை, சாப்பிடும்போது அருகில் நிற்க விடும் பூனைக்கு ஒரு நொடியில் போட்டுவிடலாம். மாத்திரைக்கு மூன்று உருண்டை உத்தி: முதலில் வெறும் மீன் உருண்டை, அடுத்தது மாத்திரை வைத்தது, விழுங்கி முடிப்பதற்குள் மூன்றாவதைக் கண்ணில் காட்ட வேண்டும். கசப்பு மாத்திரையைக் கடித்துவிட்டால் வாயெல்லாம் நுரை தள்ளும், பயப்பட வேண்டாம். ஆனால் அந்த மீனை அது இனி நம்பாது, வேறு மீனுக்கு மாறுங்கள். டாக்ஸிசைக்ளின் மாத்திரை தொண்டைக் குழாயில் ஒட்டிப் புண்ணாக்கக்கூடியது, பின்னாலேயே ஈரமான உணவு போக வேண்டும்.

சிறுநீரக நோய்க்குத் தோலுக்கடியில் தினமும் சலைன் பாட்டில் ஏற்றுவதை வீட்டுப் பூனைக்குச் செய்வார்கள். கைக்கு வராத பூனையை அதற்காகத் தினமும் துரத்திப் பிடித்தால் அது சாப்பிட வருவதையே நிறுத்திவிடும். இழப்புதான் அதிகம். தண்ணீர் கலந்த உணவு, சிறுநீரகப் பூனைகளுக்கான பாக்கெட் உணவு, வாந்திக்கு மருந்து என்று அது ஏற்றுக்கொள்ளும் அளவோடு நிற்பதுதான் சரி என்பது என் கருத்து.

வீட்டில் இருக்கும் விஷங்கள்

பாராசிட்டமால் பூனையைக் கொன்றுவிடும். அதன் கல்லீரலுக்கு அந்த மருந்தைச் சிதைக்கத் தெரியாது, ஒரு மாத்திரையே போதும். நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தில் பெர்மெத்ரின் இருந்தால் பூனைக்கு வலிப்பு வரும். பூனை படுக்கும் இடத்தைப் பினாயில் ஊற்றிக் கழுவாதீர்கள், பாதத்தில் ஒட்டியதை அது நக்கும். புண்ணில் புழு வைத்துவிட்டால் கற்பூரம், மண்ணெண்ணெய், டர்பன்டைன் என்று ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். எதையும் தடவாமல் அன்றைக்கே டாக்டரிடம் கொண்டுபோங்கள். நம் வெயிலில் புழு ஒரே நாளில் ஆழமாகப் போய்விடும்.

உங்களைக் கடித்தாலோ பிறாண்டினாலோ உடனே சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ போங்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசி அங்கே இலவசம். பூனைப் பல் ஊசிபோல ஆழமாக இறங்கும், மேலே சின்னப் புள்ளிதான் தெரியும். உள்ளே சீழ் பிடிப்பதால் ஆன்டிபயாடிக்கும் தேவைப்படலாம்.

காத்திருக்கக்கூடாத நேரங்கள்

வாயைத் திறந்து மூச்சு வாங்கினால். கடுவன் அடிக்கடி உட்கார்ந்து முக்கியும் சிறுநீர் வராவிட்டால்; அடைப்பு ஓரிரு நாளில் உயிரைப் பறிக்கும். முழுதாக இரண்டு நாள் சாப்பிடாவிட்டால். பட்டினியில் பூனையின் கல்லீரலில் கொழுப்பு படியும். பாவை விரிந்தபடியே நின்று, சுவரில் முட்டிக்கொண்டால். இரத்த அழுத்தம் ஏறி விழித்திரை பிரிந்திருக்கலாம். பின்னங்கால் திடீரென்று இழுத்துக்கொண்டு கதறினால். பழகாத பூனை திடீரென்று தொட விட்டால் அதையும் இந்தப் பட்டியலில் சேருங்கள். பாசம் வந்துவிட்டதென்று மகிழ்வதற்கு முன்பு, ஓட முடியாத அளவுக்குத் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

கடைசிக் கட்டம்

எப்போது போதும் என்று முடிவெடுப்பது என்பதை முன்கூட்டியே டாக்டரிடம் பேசிவையுங்கள். சாப்பிட வருகிறதா, வெயில் காய வருகிறதா, தன்னை நக்கிச் சுத்தம் செய்கிறதா, வலியில்லாமல் படுக்க முடிகிறதா என்று வாரம் ஒருமுறை காலண்டரில் குறியுங்கள். மோசமான நாட்கள் நல்ல நாட்களைவிட அதிகமாகிவிட்டால், குணமாகும் வழியும் இல்லையென்றால், கருணைக்கொலை சரியான மருத்துவம்தான். முதலில் மயக்க ஊசி, முழுதாகத் தூங்கியபின் கடைசி ஊசி என்று இரண்டு கட்டமாகச் செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

புதைப்பதானால் கிணற்றுக்கும் போர் குழாய்க்கும் தள்ளி, குறைந்தது மூன்றடி ஆழம். ஊசி போட்டு இறந்த உடலை நாய் தோண்டித் தின்றால் அதற்கும் ஆபத்து. தொற்றுநோயில் இறந்திருந்தால் தட்டு, கூடை, தரையை ப்ளீச் கலந்த தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்துக் கழுவி, வெயிலில் காயவையுங்கள். பூனைக் குடல் காய்ச்சல் வைரஸ் ஒரு வருடம்வரை அந்த இடத்திலேயே தங்கும். அந்த மூலைக்கு அடுத்து வரப்போவது தடுப்பூசி போடாத குட்டியாகத்தான் இருக்கும்.